போலாரத்துக் குதிரைக்குக் குளிரவில்லை

ஊட்டிக்காரியைக் கூப்பிட்டு ஹைதராபாத் குளிருக்கு யோசனை கேட்ட ஒரே மனிதர் என் அருள்தாஸ் அத்தானாகத்தான் இருப்பார். டிசம்பர் மாதம் ஒரு மத்தியானம் போன் வந்தது.

"ஏட்டி எஸ்தரு, இங்க குதிரை நடுங்குதுட்டி. ஞாயித்துக்கிழமை ஆள் வந்து பாக்கப் போறாவ. சரியில்லைன்னா பிடிச்சிட்டுப் போயிருவாவளாம். நீ உடனே கெளம்பி வா."

குதிரை எப்போது வாங்கினீர்கள் என்று நான் கேட்பதற்குள் போனை வைத்துவிட்டார்.

அத்தான் என் அத்தை மகன். அவர் குடும்பம் பாளையங்கோட்டையிலிருந்து செகந்திராபாத் போய் மூன்று தலைமுறை ஆகிறது. ரயில்வேயில் சிக்னல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, போலாரத்தில் ஒரு பழைய பங்களாவில் இருக்கிறார். வீடு சின்னது, தோட்டம் பெரியது. நான் நீலகிரியில் முப்பது வருடம் கால்நடை ஆய்வாளராக இருந்தவள். ஏரிக்கரையில் சவாரிக்கு நிற்கும் குதிரைகளில் என்னிடம் ஊசி போட்டுக்கொள்ளாதது இல்லை. அதனால் எங்கள் சொந்தத்தில் யார் வீட்டு நாய் தும்மினாலும் எனக்குத்தான் போன் வரும். குதிரைக்காக வந்தது இதுதான் முதல் முறை.

செகந்திராபாத்தில் இறங்கும்போது ரயில் மூன்று மணி நேரம் தாமதம். வெளியே ஆட்டோக்காரர்கள் காதை மூடிக் குல்லாய் போட்டுக்கொண்டு நெருப்பு மூட்டிக் குளிர்காய்ந்துகொண்டிருந்தார்கள். எனக்கோ ஸ்வெட்டரைக் கழற்றிவிடலாமா என்று இருந்தது. ஒருவர் ஆட்டோவில் ஏறினேன். போகிற வழியில் எதற்கு வந்தீர்கள் என்று கேட்டார். எனக்குத் தெரிந்த இந்தியில் "கோடா", "தண்டா", "டாக்டர்" என்ற மூன்று வார்த்தைகளை அடுக்கினேன். குதிரை, குளிர், நான் கொஞ்சம் டாக்டர் மாதிரி என்று அர்த்தம். அவர் திரும்பி என்னை இரக்கமாகப் பார்த்தார். வண்டி பறந்தது. கால் மணி நேரத்தில் ஒரு ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தி, என் பெட்டியை அவரே தூக்கிக்கொண்டு உள்ளே போக ஆரம்பித்துவிட்டார். அத்தானுக்குப் போன் போட்டுக் கொடுத்து அவரைத் திருப்ப வேண்டியிருந்தது. போலாரம் போய்ச் சேரும்வரை சிரித்துக்கொண்டே ஓட்டினார்.

பங்களா கேட்டைத் திறந்ததும் நான் பார்த்தது குதிரையை அல்ல. வேப்பமரத்தடியில் ஒரு சோபா நின்றுகொண்டிருந்தது. பக்கத்தில் போன பிறகுதான் சோபா உறைக்குக் கீழே நான்கு கால்கள் தெரிந்தன. அதன்மேல் பஞ்சு அடைத்த ஒரு ரஜாய்ப் போர்வை, அதன்மேல் பழைய திரைச்சீலை ஒன்று. தலையில் இரண்டு காதுக்கும் தனித்தனியாகப் பின்னிய சிவப்புக் கம்பளிக் குல்லாய்.

"குல்லாய் நான் பின்னினது. கிறிஸ்துமஸுக்குப் பொருத்தமா இருக்கட்டுமேன்னு சிவப்பு" என்றாள் அத்தானின் மனைவி கிரேஸ் அக்கா.

குதிரையின் பெயர் சாந்தினி. அக்கா அதை ஞானஸ்நானம் செய்யாத குறையாகச் சாந்தி என்று மாற்றிவிட்டாள். கல்யாண ஊர்வலத்தில் சாரட்டு இழுத்த குதிரை. ஏதோ சீமைக் கலப்பு இருக்க வேண்டும். நம் பக்கத்துக் குதிரையைவிட ஒன்றரை மடங்கு உடம்பு, தூண் மாதிரி கால், குளம்பை மறைக்கும் அளவுக்கு முடி. போன வருடம் முழங்கால் கெட்டு நொண்ட ஆரம்பித்தபோது, அத்தான் மகள் பிரீத்தி சாரட்டுக்காரரிடம் கெஞ்சிக் கேட்டு வாங்கி வந்துவிட்டாள். பிரீத்திக்கு கொண்டாப்பூரில் கம்ப்யூட்டர் வேலை. வாரம் இரண்டு நாள் ஆபீஸ், மற்ற நாள் குதிரை.

போலீஸ் வந்துவிடும் என்று அத்தான் பயந்த விவகாரம் இதுதான். பங்களாவுக்குப் பின்னால் புதிதாக ஓர் அடுக்குமாடி வந்திருக்கிறது. அதில் யாரோ பால்கனியிலிருந்து சாந்தினியை வீடியோ எடுத்து, 'திறந்த வெளியில் குளிரில் நடுங்கும் குதிரை' என்று போட்டுவிட்டார்கள். பார்த்தவர்களெல்லாம் கண்ணீர் விட்டிருக்கிறார்கள். பிராணிகள் நலனுக்கான ஒரு குழு நேரில் வந்து பார்க்கப் போவதாகச் சொல்லியிருக்கிறது. அதிலிருந்து வீட்டில் இருந்த துணியெல்லாம் குதிரை மேலே ஏறிவிட்டது.

பிரீத்தி வீடியோவைக் காட்டினாள். "சீ ஆண்ட்டி, ஷிவரிங். பாவம் இல்ல?"

நான் இரண்டு தடவை பார்த்தேன். தோள்பட்டைத் தோல் மட்டும் சட்சட்டென்று துடித்தது. மற்ற இடமெல்லாம் அமைதி.

"இது நடுக்கம் இல்லட்டி. ஈ ஓட்டுது" என்றேன்.

அத்தானும் பிரீத்தியும் வீடியோவை மறுபடி ஓட்டிப் பார்த்தார்கள். அக்கா மட்டும், "ஈயா? நக்கோ, வேணாம், அப்படிச் சொல்லாத. எங்க வீட்ல ஈ கிடையாது" என்றாள்.

மறுநாள் காலை முதல் வேலையாகத் துணிகளை உரித்தேன். ஒவ்வொன்றாக எடுக்க எடுக்க, அக்கா குளிப்பாட்டிய குழந்தையைத் துவட்டாமல் விட்டதுபோலப் பதறினாள். ரஜாய்க்கு அடியில் முதுகு முழுக்க வியர்வை. முடி பிசுபிசுவென்று ஒட்டி, தோளில் உராய்ந்து இரண்டு இடத்தில் தோல் வழண்டிருந்தது. சாந்தினி தலையிலிருந்து வால்வரை ஓர் உலுக்கு உலுக்கியது. இரண்டடி நடந்து மண்ணில் படுத்து நான்கு காலையும் மேலே தூக்கிப் புரண்டது. பால்கனியில் ஒரு பெண் "அய்யய்யோ" என்று கத்தியதும் கேட்டது.

எங்கள் ஊரில் உறைபனி பெய்து புல் உப்புக் கொட்டினாற்போல் வெளுத்திருக்கும் காலையிலும் குதிரைகள் வெளியில்தான் நிற்கும். காற்றுக்கு முதுகைக் காட்டி, தலையைத் தொங்கவிட்டு, எதையோ யோசிப்பதுபோல் நிற்கும். பகல் குறுகத் தொடங்கும்போதே அவற்றுக்குக் குளிர்கால முடி வளர்ந்துவிடும். அந்த முடி நிமிர்ந்து நின்று உடம்புச் சூட்டைப் பிடித்துவைக்கும். மேலே ரஜாயைப் போட்டு அமுக்கினால் அதன் வேலை கெட்டுப்போகும். பெரிய உடம்புக் குதிரைக்குக் குளிர் இன்னும் குறைவு. அதற்கு வயிறுதான் அடுப்பு, காய்ந்த புல்தான் விறகு. மழையும் வாடைக்காற்றும் படாமல் ஒதுங்க ஓர் இடம், நிற்க ஈரமில்லாத தரை, நாள் முழுக்க மெல்லப் புல், குடிக்கத் தண்ணீர். இவ்வளவு போதும்.

தண்ணீர் என்றதும்தான் தொட்டியைப் பார்த்தேன். நேற்று இருந்த அளவிலேயே இருந்தது. லத்தி சின்னச் சின்ன உருண்டையாகக் காய்ந்து கிடந்தது. குளிர்காலத்தில் வெளியில் நிற்கும் குதிரைக்கு நான் பயப்படுவது இதற்குத்தான். தண்ணீர் சில்லென்று இருந்தால் சில குதிரைகள் குடிப்பதைக் குறைத்துவிடும். குடிக்காமல் காய்ந்த தீனி தின்றால் குடல் அடைத்துக்கொள்ளும். குளிரில் செத்த குதிரையை என் வேலையில் நான் பார்த்ததில்லை. வயிற்று வலியில் புரண்டு செத்ததைப் பார்த்திருக்கிறேன்.

"அக்கா, வெந்நீர் போடுங்க."

"குளிக்கவா?"

"குதிரைக்கு. வெதுவெதுப்பா, ஒரு கை உப்பு போட்டு."

சாந்தினி ஒரு வாளியை ஒரே மூச்சில் குடித்துவிட்டு அடுத்த வாளிக்கு அக்காவின் முகத்தைப் பார்த்தது. அக்கா உருகிப்போய் உள்ளே ஓடி ஒரு தட்டு முந்திரிக்கொத்தோடு வந்தாள். குதிரைக்குத் தினமும் இதுவும் கல்கல் பலகாரமும் நடந்துகொண்டிருந்தது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. தட்டை வாங்கி நானே தின்றுவிட்டேன். அக்கா கைக்குப் பாளையங்கோட்டை இன்னும் மறக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கோயில் விட்டு வந்து பகாரா அன்னம் என்ற தாளித்த சோறும் கோழிக்குழம்பும் சாப்பிட்டுவிட்டுக் காத்திருந்தோம். அத்தான் கோட்டைக் கழற்றவில்லை. வந்தது போலீசும் இல்லை, கூட்டமும் இல்லை. கார்த்திகேயன் என்று ஒரே ஒருவர். சொந்த ஊர் திருவாரூர், கொண்டாப்பூரில் வேலை, வந்து இரண்டு வருடம். கையில் ஒரு படிவம். உடம்பில் ஜாக்கெட், உள்ளே ஸ்வெட்டர், கழுத்தில் மஃப்ளர். சாந்தினி வெறும் உடம்போடு வெயிலில் நின்று புல் மென்றுகொண்டிருந்தது.

"மேடம், குதிரைக்குப் போர்வை ஒண்ணும் இல்லீங்களே" என்றார்.

"எல்லாத்தையும் நீங்களே போட்டுட்டு வந்துட்டீங்களே தம்பி" என்றேன்.

நல்ல மனிதர், சிரித்துவிட்டார். அவர் கையைப் பிடித்து, விரல்களைச் சாந்தினியின் விலா முடிக்குள் விட்டேன். "அழுத்துங்க. முடியைத் தாண்டி எலும்பு தெரியணும், ஆனா தேடினாத்தான் தெரியணும். குளிர்காலத்துல குதிரையைக் கண்ணால பாத்து எதுவும் சொல்லிரக் கூடாது. கம்பளிக்குள்ள யானையும் இருக்கலாம், எலும்புக்கூடும் இருக்கலாம்."

அவர் கண்ணை மூடிக்கொண்டு தேடினார். கிடைத்தது. முகம் மலர்ந்தது. படிவத்தில் எல்லாக் கட்டத்திலும் 'நன்று' என்று எழுதினார். அத்தான் கோட்டைக் கழற்றினார்.

விஷயம் அத்தோடு முடிந்திருக்கும். டீ குடிக்கும்போது பிரீத்தி சும்மா ஒரு வார்த்தை விட்டாள். "இவளோட ஜோடி இருக்கான் ஆண்ட்டி. பாதல். ரெண்டு பேரும் ஒரே சாரட்டு. இவ வந்தப்புறம் அவன் தனியா நிக்கறான், மல்லாபூர்ல."

"வெளியிலயா?" என்றார் கார்த்திகேயன், அடுத்த படிவத்தை எடுத்தபடியே.

அவருடைய காரில் போனோம். வழி சொன்ன போன் எங்களை ஒரு தொழிற்சாலையின் பின்சுவரில் கொண்டுபோய் முட்டவைத்து, 'வந்து சேர்ந்துவிட்டீர்கள்' என்று அறிவித்தது. திரும்பலாம் என்றால் பின்னால் லாரி. ஷிப்ட் முடிந்து வந்த தொழிலாளர்கள் நின்று ஆளுக்கொரு வழி சொன்னார்கள். ஒருவர், "குதிரைக்கார பாயா? நேராப் போங்க, நாத்தம் வந்தா நில்லுங்க" என்றார். பிரீத்தி தெலுங்கிலிருந்து அப்படித்தான் மொழிபெயர்த்தாள். காரை அங்கேயே விட்டுவிட்டு நடந்தோம். வழி சரியாகத்தான் இருந்தது.

மூடிக்கிடந்த ஒரு ஆலையின் காலி மனை. தகரக் கூரை ஒன்று, அதன் ஓரத்தில் ஒரு சாரட்டு, வெள்ளித் தாள் உரிந்த சிங்கமுகத்தோடு. பக்கத்தில் பாதல். வெள்ளையும் சாம்பலுமாகப் புசுபுசுவென்று முடி. பஞ்சுப் பொதிக்குக் கால் முளைத்ததுபோல் இருந்தது.

"வாவ், சாந்தினியை விடக் குண்டு" என்றாள் பிரீத்தி. கார்த்திகேயன் 'நன்று' எழுதப் போனார்.

எனக்குப் பின்முதுகின் சரிவு பிடிக்கவில்லை. போய்க் கையை முடிக்குள் விட்டேன். தேடவே வேண்டியிருக்கவில்லை. விலா எலும்புகள் ஆர்மோனியக் கட்டைபோல வரிசையாக விரலில் இடறின. முதுகுத்தண்டு கத்தி முனையாக இருந்தது. கார்த்திகேயனும் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டார்.

கூரைக்குள்ளிருந்து சாரட்டுக்காரர் யூசுப் பாய் வந்தார். அறுபது வயதிருக்கும், மருதாணி போட்ட தாடி. பிரீத்தியைப் பார்த்ததும், சாந்தினி சுகமா என்று விசாரித்தார். எனக்கு அப்போது சுகம் விசாரிக்கிற மனநிலை இல்லை.

"பிரீத்தி, இவர்ட்ட சொல்லு. பட்டினி போட்டுக் கொன்னுட்டிருக்கார்னு சொல்லு. கல்யாணத்துல சம்பாதிச்சுட்டு வாயில்லா ஜீவனை எலும்பும் தோலுமா வச்சிருக்கிற மனுஷன் மனுஷனே இல்லைன்னு சொல்லு."

பிரீத்தி தரையைப் பார்த்தாள். "நான் சொல்ல மாட்டேன் ஆண்ட்டி."

"சொல்ல வேணாம் மகளே" என்றார் பாய், தமிழில். "எனக்குப் புரிஞ்சுது. செகந்திராபாத்ல தமிழ் ஆளுங்க கல்யாணம் எத்தனை ஓட்டியிருக்கேன் நான். மாப்பிள்ளை மாமியாரைத் திட்டறதுகூடப் புரியும்."

என் காது இரண்டும் சுட்டன. அந்த ஊரில் முதல் முறையாக எனக்கும் ஒரு குல்லாய் தேவைப்பட்டது, முகத்தை மறைக்க.

அவர் கோபப்படவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. உள்ளே கூட்டிப்போய்க் காட்டினார். ஊறவைத்த கொள்ளு ஒரு டிரம். தவிடு இரண்டு மூட்டை. கூரை உயரத்துக்குப் புல் கட்டு. "எல்லாம் அவனுக்குத்தான். ஏன் தின்ன மாட்டேங்கிறான், தெரியல. வாயில போடுவான், கீழ துப்புவான். அவ போன கோபம்னு நினைச்சேன். அப்புறம் திமிருன்னு நினைச்சேன். திட்டினேன். தீனி வீணாக்கினான்னு ரெண்டு அடி அடிச்சேன், அல்லா மன்னிக்கட்டும்."

துப்புவான் என்ற வார்த்தையில் நான் நின்றேன். வெளியே வந்து பாதலின் காலடியில் தேடினேன். அங்கே இருந்தன. பாதி மென்று நனைந்து சுருண்ட புல் உருண்டைகள், எலுமிச்சம்பழ அளவில், ஒரு பதினைந்து. நான் வந்ததும் அவற்றை மிதித்துக்கொண்டுதான் நின்று பேசியிருந்தேன்.

"பாய், இது கோபமும் இல்ல, திமிரும் இல்ல. பல்லு" என்றேன்.

குதிரைக்குக் கடைவாய்ப் பல் ஆயுசு முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும். தேயாத ஓரம் கத்திபோல் கூராகிக் கன்னத்தைக் கிழிக்கும். பசி இருக்கும், தீனி இருக்கும், மென்றால் வலி. வெயில் காலமாக இருந்தால் விலா எலும்பு எல்லார் கண்ணிலும் பட்டிருக்கும். குளிர்கால முடி வந்து மூடிவிட்டது. தினமும் தடவிக்கொடுத்த பாய் கைக்கும் மேல்முடி மட்டும்தான் பட்டிருக்கிறது.

அன்று டாக்டர் கிடைக்கவில்லை. கார்த்திகேயன் தன் குழுவில் எல்லாரையும் போனில் பிடித்து உலுக்கி, மறுநாள் காலைக்குக் குதிரைப் பல் பார்க்கத் தெரிந்த ஒரு டாக்டரம்மாவை ஏற்பாடு செய்தார். படிவத்தை என்ன செய்வது என்று என்னிடம் கேட்டார். பிடித்துக்கொண்டு போக எழுதிவிடலாமா?

"எங்க கொண்டுபோவீங்க? அங்க இவருக்கு மேல யாரு பாத்துக்குவா?" என்றேன். அவர் யோசித்துவிட்டு, 'சிகிச்சை நடக்கிறது' என்று எழுதினார்.

காலையில் டாக்டரம்மா மயக்க ஊசி போட்டார். பாதலின் தலை மெல்ல மெல்லத் தொங்கியது. வாயைத் திறந்து பிடிக்கும் கருவியை மாட்டி, பாயின் தோளில் அந்தப் பெரிய தலையைத் தாங்கவைத்தார். விளக்கடித்துப் பார்த்தோம். இரண்டு கன்னத்திலும் புண். ஒரு கடைவாய்ப் பல் ஆடிக்கொண்டிருந்தது. அதை எடுத்து, மற்ற ஓரங்களை நீள அரத்தால் ராவினார். கரகரவென்ற சத்தத்துக்கு கார்த்திகேயன் தன் தாடையைப் பிடித்துக்கொண்டார். பாய் அசையவே இல்லை. குதிரையின் காதுக்குள் என்னவோ சொல்லிக்கொண்டே இருந்தார். பிரீத்தி பிறகு எனக்கு மொழிபெயர்த்தாள். "மன்னிச்சுக்கடா, எனக்குத் தெரியலடா, அப்படின்னு. அதையேதான் திருப்பித் திருப்பி."

மயக்கம் தெளியும்வரை ஒன்றும் கொடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு, குளம்புக்கடியில் ஈரத்தில் அழுகல் நாற்றம் இருப்பதையும் டாக்டரம்மா காட்டினார். தரையைக் காயவைக்கச் சொன்னார். இன்றைக்குத் தவிட்டுக் கூழ், அதுவும் அரை வாளிதான், காய்ந்த வயிறு ஒரேயடியாகத் தாங்காது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போனார். நாங்கள் காத்திருந்தோம். பாய் இரானி டீ வரவழைத்தார். கூடவே உப்புத் தூவின பிஸ்கட். ஊட்டி வர்க்கியைவிட நன்றாக இருந்தது. இதை ஊரில் சொல்ல மாட்டேன். கார்த்திகேயன் மண்வெட்டி வாங்கி, ஈரம் தேங்காமல் ஒரு வாய்க்கால் வெட்டினார். பத்து நிமிடத்தில் மஃப்ளர் போனது, பிறகு ஜாக்கெட், பிறகு ஸ்வெட்டர்.

நான் டீக் கிளாஸை உருட்டிக்கொண்டிருந்தேன். முப்பது வருடத்தில் எத்தனையோ பேரிடம் அதட்டிப் பேசியிருக்கிறேன். சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொண்ட பழக்கம் இல்லை.

"பாய், நேத்து நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. பட்டினி போடறீங்கன்னு சொல்லிட்டேன்."

அவர் பாதலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நான் போடலம்மா. ஆனா அவன் பட்டினிதானே இருந்தான். நீங்க வந்து கத்தலைன்னா இன்னும் இருந்திருப்பான்."

நான் எழுந்து போய்ப் பாதலின் காதை நீவிவிட்டேன்.

மத்தியானம் பாதல் தலையை நிமிர்த்தியது. பாய் வெதுவெதுப்பான கூழை வாளியில் வைத்தார். அது மூக்கை நுழைத்தது, எடுத்தது, மறுபடி நுழைத்தது. ஒரு வாய் எடுத்துப் பயந்து பயந்து தாடையை அசைத்தது. வலி வரவில்லை. ஒரு நிமிடம் அப்படியே நின்றது. பிறகு வாளிக்குள் முகம் முழுக்கப் போய்விட்டது. கீழே ஒன்றும் விழவில்லை.

காலி வாளியை நக்கி முடித்து, அதை மூக்காலேயே தள்ளிக்கொண்டு பாயின் செருப்புவரை வந்து நின்றது.

"இன்னும் கேக்கறான்" என்றார் பாய், என்னைப் பார்த்து.

அரை வாளிதான் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். எனக்கும் அது நன்றாகத் தெரியும். நான் திரும்பிக்கொண்டு, வாய்க்கால் நேராக வந்திருக்கிறதா என்று கார்த்திகேயனிடம் விசாரிக்கப் போனேன். முதுகுக்குப் பின்னால் வாளியில் இன்னொரு கை தவிடு விழும் சத்தம் கேட்டது.